வாசலில் எத்தனை படி?

மாற்றுத்திறனாளிகளைப் பற்றி ஒரு படம் போடுகிறோம், கட்டாயம் வாருங்கள் என்று யாராவது அழைத்தால் நான் முதலில் கேட்பது மண்டபத்து வாசலில் எத்தனை படி என்றுதான். படத்தின் பெயர், யார் எடுத்தது, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் பிறகு. "நாலைந்து படிதான் அக்கா, பெடியங்கள் நிற்கிறாங்கள், தூக்கி விடுவம்" என்பார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் என் அண்ணா வளர்ந்த மனிதர், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவர். ஒரு மண்டபமே திரும்பிப் பார்க்க நாலு பேர் சக்கர நாற்காலியோடு தன்னைத் தூக்கிக்கொண்டு போய் வைப்பதை அவர் விரும்புவதில்லை, யார்தான் விரும்புவார்கள்? அதனால் அவர் வருவதில்லை. அவர் வராததால் அடுத்த முறையும் அந்தப் படிகள் யாருடைய கண்ணிலும் படுவதில்லை.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக மனதில் கிடந்தது. டிசம்பர் 3 சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம் வரும் வாரத்தில் கொழும்பில் நிறையக் கூட்டங்கள் நடக்கும், பதாகை கட்டுவார்கள், குறும்படம் போடுவார்கள், பார்த்தவர்கள் கண் கலங்கிப் போவார்கள். கண் கலங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் கலங்கும். என் கேள்வி வேறு. அந்தப் படம் யாரைப் பற்றியதோ அவர்கள் அந்த மண்டபத்தில் எங்கே? மேடையில் ஒருவர் இருப்பார், பொன்னாடை போர்த்துவார்கள். பார்வையாளர் வரிசையில்? 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 5 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 வீதமானவர்களுக்கு ஏதோ ஒரு இயலாமை இருக்கிறது, தொகையாகச் சொன்னால் 16 இலட்சத்துக்கும் மேல். அந்தக் கணக்குப்படி 200 பேர் அமரும் மண்டபத்தில் 17 பேர் இருக்க வேண்டும். அடுத்த முறை ஒரு தமிழ் நிகழ்வுக்கு, அது கலை விழாவோ நூல் வெளியீடோ எதுவானாலும், போகும்போது திரும்பி ஒரு தடவை பாருங்கள்.

வெள்ளவத்தைப் பக்கம் நாங்கள் சிலர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் படம் பார்க்கிறோம். பெயர், பதிவு, தலைவர், செயலாளர் என்று ஒன்றுமில்லை. அண்ணா, கண் தெரியாத ஒரு ரீச்சர், காது கேளாத ஒரு தம்பியும் அவனுடைய அம்மாவும், சினிமா படிக்கிற இரண்டு பிள்ளைகள், போரில் முள்ளந்தண்டில் காயப்பட்டு இப்போது இங்கே உறவினர் வீட்டில் இருக்கிற வவுனியா அக்கா, அப்புறம் நான். தரைமட்டத்தில் வாசல் உள்ள ஒரு டியூசன் வகுப்பறையை ஒருவர் தந்தார், அதனால்தான் இது தொடங்கவே முடிந்தது. அங்கே பார்த்தவற்றையும் கதைத்தவற்றையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

தம்பியின் விஷயத்தை முதலில் சொல்கிறேன். 2007இல் வந்த ராதா மோகனின் 'மொழி' எல்லாருக்கும் பிடித்த படம், எனக்கும்தான். ஜோதிகா காது கேளாத, வாய் பேசாத பெண்ணாக நடித்திருப்பார், அந்தப் பெண் தன்மானத்தோடு இருப்பாள், யாரிடமும் பரிதாபம் கேட்க மாட்டாள். தமிழில் அப்படி ஒரு பாத்திரம் வருவது அபூர்வம். தம்பியோடு சேர்ந்து பார்க்கலாம் என்று அவனுடைய அம்மா ஆசைப்பட்டுப் போட்டிருக்கிறார். ஜோதிகா சைகையில் பேசுகிற இடங்களில் அவன் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறான், மற்ற எல்லா இடங்களிலும் அம்மாவின் கையைத் தட்டித் தட்டி என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான், ஏனென்றால் படத்தில் மற்ற எல்லாரும் வாயால்தானே கதைக்கிறார்கள், தமிழ்ப் படத்துக்குத் தமிழில் எழுத்து எதற்கு என்று யாரும் போடுவதில்லை. காது கேளாத பெண்ணின் கதையைக் காது கேளாத பையனால் பார்க்க முடியவில்லை. அந்தப் படத்தை எடுத்தவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. தொலைக்காட்சியில் எத்தனையோ தடவை ஓடிய படம், அத்தனை தடவையும் கீழே நாலு வரி எழுத்து ஓட விட யாருக்கும் தோன்றவில்லையே என்பதுதான் ஆற்றாமை.

இந்த எழுத்து வேலை பெரிய கம்பசூத்திரமும் இல்லை. சாதாரண சப்டைட்டில் பேசுவதை மட்டும் எழுதும். காது கேளாதவர்களுக்கானதில் யார் பேசுகிறார்கள் என்பதும், திரையில் தெரியாத சத்தங்களும் சேர வேண்டும். கதவு தட்டும் சத்தம், பின்னால் அழுகிற குழந்தை, பாட்டு தொடங்குவது, திடீரென்று எல்லாம் அமைதியாவது. எங்கள் சினிமாப் பிள்ளைகள் தங்கள் குறும்படங்களுக்கு இதை எழுதிப் பழகினார்கள். தம்பி பார்த்துவிட்டுச் சொன்ன முதல் திருத்தம், எழுத்து வேகமாக மறைகிறது என்பது. அடுத்தது, வசனத்தைச் சுருக்கி எழுதாதீர்கள், மற்றவர்கள் கேட்கிற கெட்ட வார்த்தையும் எனக்கு வேண்டும் என்பது. இரண்டும் நியாயம்.

ரீச்சரோடு படம் பார்ப்பது வேறொரு அனுபவம். பிரசன்ன விதானகேயின் 'புர ஹந்த களுவர' என்ற சிங்களப் படம் 1997இல் எடுக்கப்பட்டது, 2000இல் அரசு திரையிட விடாமல் தடுத்து, உயர் நீதிமன்றம் வரை போய் வழக்காடித்தான் மக்களிடம் வந்தது. வன்னிஹாமி என்கிற கண் தெரியாத முதியவர், ஜோ அபேவிக்ரம நடித்தது, இராணுவத்துக்குப் போன மகன் முத்திரையிட்ட பெட்டியில் திரும்பி வந்துவிட்டான் என்பதை நம்ப மறுக்கிறார், நட்டஈட்டுப் பத்திரத்தில் கையொப்பமிடவும் மறுக்கிறார். ஊரில் கண் தெரிந்த எல்லாரும் பெட்டியை நம்புகிறார்கள், அவர் மட்டும் புதைத்த பெட்டியைத் தோண்டிப் பார்க்க மண்வெட்டியை எடுக்கிறார். அவருடைய பார்வையின்மை நம்மை அழ வைக்கும் கருவியாக அந்தப் படத்தில் பயன்படவில்லை, அதனால்தான் எனக்கு அது அவ்வளவு பிடிக்கும். ரீச்சருக்கும் இந்தக் கதை தெரியும், பார்க்க வேண்டும் என்றார். ஆனால் அது பேச்சுக் குறைந்த படம். காற்று, நடை, பாத்திரச் சத்தம், நீண்ட நீண்ட மௌனம். கண் தெரியாத ஒரு மனிதரைப் பற்றி இந்த நாட்டில் வந்த மிகச் சிறந்த படத்தைக் கண் தெரியாத ஒருவர் தனியாக இருந்து பார்த்தால் பாதிக்கு மேல் புரியாது.

நான் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டு வந்தேன். அன்றுதான் தெரிந்தது, காட்சியைச் சொல்வது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று. உலகத்தில் இதற்கென்று முறை இருக்கிறது, வசனங்களுக்கு இடையிலுள்ள இடைவெளியில் ஒரு குரல் காட்சியைச் சுருக்கமாகச் சொல்லும், திரையரங்கில் என்றால் கேட்க விரும்புபவரின் காதுக்கருவியில் மட்டும் ஒலிக்கும், பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவில்லை. ஆனால் தமிழில் செய்து பார்க்கும்போதுதான் சிக்கல்கள் வரிசையாக வந்தன. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் நிற்கும். "கிழவர் குளக்கரையோரம் மெதுவாகத் தடியை ஊன்றிக்கொண்டு" என்று நான் இழுத்துக்கொண்டிருக்கும்போதே அங்கே அடுத்த ஆள் வாய் திறந்துவிடுவார், கிழவர் நடந்தாரா விழுந்தாரா என்பது ரீச்சருக்குத் தெரியாமலே போய்விடும். ஆகவே ஆளும் செயலும் மட்டும் முதலில். "கிழவர் நடக்கிறார். தடி. குளக்கரை." அப்படித் துண்டு துண்டாகச் சொல்வதுதான் காதுக்கு வசதி.

ரீச்சர் என்னை விடவில்லை, ஒவ்வொரு இடத்திலும் பிடித்துத் திருத்தினார். "சோகமாக இருக்கிறார் என்று சொல்லாதே பிள்ளை, அது சோகமா கோபமா என்று நான் முடிவெடுக்கிறேன், அவருடைய கை என்ன செய்கிறது, அதைச் சொல்லு" என்றார். நான் எல்லா மௌனத்தையும் நிரப்பப் பார்த்தபோது, "கொஞ்சம் பேசாமல் இரு, அந்த ஊர்ச் சத்தத்தை நானும் கேட்க வேண்டாமா" என்றார். அவருக்குப் பன்னிரண்டு வயது வரை பார்வை இருந்தது, அதனால் நிறம் வேண்டும், சேலை என்ன நிறம், மண் சிவப்பா சாம்பலா என்று கேட்பார். பிறவியிலிருந்தே பார்வையில்லாத இன்னொருவருக்கு நிறம் அவ்வளவு முக்கியமில்லாமல் இருக்கலாம், யார் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள் என்பது முக்கியமாகலாம். இதையெல்லாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, அவர்களைப் பக்கத்தில் இருத்திக் கேட்டால்தான் தெரியும். கண்ணைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் நடந்து பார்க்கும் விழிப்புணர்வுப் பயிற்சிகள் எனக்குப் பிடிக்காததற்கு இதுவும் காரணம். அதில் நமக்கு வருவது திடீரென்று இருட்டில் விட்டவரின் பயம். ரீச்சருக்கு அந்தப் பயம் இல்லை, பம்பலப்பிட்டியிலிருந்து தனியாக பஸ்ஸில் வந்து இறங்குகிறவர் அவர். அவருடைய தொல்லை நடைபாதையில் குறுக்கே நிறுத்தப்படுகிற மோட்டார் சைக்கிள்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு. இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க வந்தது. பொதுக் கட்டடங்களுக்குள் அணுகுவது பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபர் 17இல் வர்த்தமானியில் வந்தன. கலாநிதி அஜித் சி. எஸ். பெரேரா உயர் நீதிமன்றம் போனதன் விளைவாக 2009 ஏப்ரல் 27இல், புதிதாகக் கட்டப்படும் பொதுக் கட்டடங்கள் அந்த விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்று உத்தரவு கிடைத்தது. அவர் இரசாயனவியலாளர், கிரிக்கெட் நடுவராகவும் இருந்தவர், 1992இல் ஓடிக்கொண்டிருந்த அவருடைய காரின் மேல் வீதியோர மரம் விழுந்து, பிறகு வாழ்நாள் முழுவதும் சக்கர நாற்காலியில் இருந்தார். 2020இல் காலமாகும் வரை கட்டடங்களின் படிகளையும் கழிப்பறைக் கதவுகளையும் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார். கொழும்பில் இன்று நாம் காண்கிற ஒவ்வொரு ஒழுங்கான சாய்தளத்துக்குப் பின்னாலும் அந்த மனிதரின் பிடிவாதம் கொஞ்சமாவது இருக்கிறது என்று நான் நினைக்கிறேன், தமிழில் அவரைப் பற்றி யாராவது விரிவாக எழுத வேண்டும்.

அடுத்தது ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயம். இலங்கை 2007இல் கையொப்பமிட்டு 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. அதில் எட்டாம் உறுப்புரை விழிப்புணர்வைப் பற்றியது, சமூகத்தில் உள்ள தவறான எண்ணங்களை அகற்ற வேண்டும் என்கிறது. நம் ஊரில் எல்லா நிகழ்வுகளும் இந்த எட்டாம் உறுப்புரையோடு நின்றுவிடுகின்றன. அதே சமவாயத்தில் முப்பதாம் உறுப்புரை என்று ஒன்று இருக்கிறது. திரைப்படம், தொலைக்காட்சி, நாடகம் எல்லாவற்றையும் தங்களுக்கு அணுகக்கூடிய வடிவத்தில் அனுபவிக்க மாற்றுத்திறனாளிகளுக்கு உரிமை உண்டு என்று அது தெளிவாகச் சொல்கிறது. அண்ணாவுக்குப் படம் பார்க்கும் உரிமை இருக்கிறது. பாடம் கற்க வேண்டாம், யாரையும் ஊக்குவிக்க வேண்டாம், ஒரு வெள்ளிக்கிழமை ரஜினி படத்துக்கு முதல் காட்சி போய்ச் சத்தம் போட்டுவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. இந்த முப்பதை ஒதுக்கிவிட்டு எட்டை மட்டும் செய்தால், மாற்றுத்திறனாளி எப்போதும் காட்டப்படுகிறவராகவே இருப்பார், பார்க்கிறவராக ஒருபோதும் ஆகமாட்டார்.

ஆசைக்குக் குறுக்கே நிற்பது படிகள் மட்டுமில்லை. காலி வீதியில் ஓடும் 100, 101 பஸ்களின் படி உயரம் நமக்கே முழங்கால் வரை வரும், சக்கர நாற்காலி என்றால் நினைத்தே பார்க்க முடியாது. ஆகவே ஓட்டோதான், அதுவும் நாற்காலியை மடித்து ஏற்றச் சம்மதிக்கிற ஓட்டோ. குறைந்த வருமானமுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான அரசின் மாதக் கொடுப்பனவு 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆனது, நல்லது, ஆனால் அதில் மருந்து போக, அணையாடை போக ஓட்டோவுக்கு என்ன மிஞ்சும். அப்புறம் கழிப்பறை. வவுனியா அக்கா எங்களிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், வெளியே ஏதாவது நிகழ்வுக்குப் போகிற நாளில் அவர் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. கதவு அகலமில்லாத, உள்ளே நாற்காலி திரும்ப இடமில்லாத கழிப்பறைகளுக்குப் பயந்து, முள்ளந்தண்டுக் காயம் உள்ள ஒருவர், சிறுநீர்த் தொற்று வந்தால் உயிருக்கே ஆபத்து என்று தெரிந்தும், தண்ணீரை விடுகிறார். அவரை அழைத்து மேடையில் பேச வைத்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தமிழ் சினிமாவுக்குத் திரும்புகிறேன், அதைத்தானே நாம் அதிகம் பார்க்கிறோம். எண்பதுகள், தொண்ணூறுகளின் நகைச்சுவைக் காட்சிகளில் திக்குவாயும் குள்ளமும் மாறுகண்ணும் சிரிப்புக்கென்றே இருந்தன, அது போக, கதாநாயகனின் நல்ல மனதைக் காட்ட ஒரு கண் தெரியாத தங்கச்சி. நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்துச் சிரித்தும் அழுதும் வளர்ந்தவர்கள்தான். மாற்றம் வரவில்லை என்று சொல்ல முடியாது. ராமின் 'பேரன்பு' 2019இல் இங்கு திரைக்கு வந்தபோது பார்த்தேன், மூளை முடக்குவாதம் உள்ள மகள் வயதுக்கு வருவதைத் தனியாக நின்று எதிர்கொள்கிற தகப்பனின் கதை, அவளுடைய உடலுக்கும் ஆசைகள் உண்டு என்று பேசிய படம். நம் வீடுகளில் யாரும் வாய் திறக்காத விஷயம் அது. தம்பியின் அம்மா அந்தப் படத்தைப் பற்றி எங்களோடு இரண்டு மணி நேரம் கதைத்தார், கிட்டத்தட்ட படத்தின் நீளத்துக்கே அந்தப் பேச்சும் ஓடியது.

இந்தியாவில் 2024 யூலை 8இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஒரு ஹிந்திப் படத்தில் மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்தியிருக்கிறார்கள் என்று நிபுண் மல்ஹோத்ரா தொடுத்த வழக்கு. அந்தத் தீர்ப்பில் இரண்டு வகை நகைச்சுவையை நீதிபதிகள் பிரித்துக் காட்டினார்கள், இயலாமையை விளங்கிக்கொள்ள உதவுவது ஒன்று, அவர்களைச் சிறுமைப்படுத்துவது இன்னொன்று. அவர்களைப் பற்றிப் படம் எடுக்கும்போது அவர்களையும் கலந்துகொள்ளுங்கள் என்றும் சொன்னார்கள். அதே ஆண்டு மார்ச்சில் இந்திய அரசு, திரையரங்குகளில் பார்வை, கேட்டல் குறைபாடு உள்ளவர்களும் படம் பார்ப்பதற்கான வழிகாட்டல்களை வெளியிட்டது, எழுத்தும், காட்சியைச் சொல்லும் விவரணைக் குரலும் அதில் அடங்கும். எனக்கு இதில்தான் நம்பிக்கை. கொழும்பில் ஓடுகிற தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை சென்னையிலிருந்து வருபவை. அங்கே ஒரு படத்துக்கு அந்த எழுத்தும் குரலும் தயாரானால், இங்கே வரும் பிரதியோடு அவையும் வர வேண்டும் என்று நாம் கேட்கலாம், புதிதாகச் செய்யச் சொல்லவில்லை, செய்ததைத் தாருங்கள் என்றுதான் கேட்கிறோம்.

படம் என்ன செய்ய முடியும் என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு 'கிரிப் கேம்ப்' என்ற ஆவணப்படத்தைச் சொல்வேன், 2020இல் வந்தது. அமெரிக்காவில் மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்காக நடந்த ஒரு கோடை முகாம், அங்கே கூடியவர்களில் சிலர் பிறகு 1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் அரச கட்டடம் ஒன்றுக்குள் புகுந்து மூன்று வாரத்துக்கும் மேலாக உட்கார்ந்து போராடி, மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கான சட்டவிதி ஒன்றைக் கையொப்பமிட வைத்தார்கள். படத்தை இயக்கிய இருவரில் ஒருவரான ஜிம் லெப்ரெக்ட் அந்த முகாமுக்கே போனவர், சக்கர நாற்காலி பாவிப்பவர். நாங்கள் அதைப் பார்த்தபோது வவுனியா அக்காவுக்கு மனதில் நின்றது ஒரு சின்ன விவரம். உள்ளே இருந்தவர்களுக்குச் சூடான சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தவர்கள் கறுப்பின உரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்த பிளாக் பாந்தர்கள். "அப்ப சமைச்சுக் குடுக்க ஆள் வேணும், அதை நான் செய்வன்" என்றார் அக்கா. அன்றிலிருந்து எங்கள் ஞாயிறுகளுக்கு அவர் சமைத்துக் கொண்டுவருகிறார், நாங்கள் உதவிக்கு.

எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்துவிட்டது. படம் முடிந்த பிறகு யாராவது எழுந்து அண்ணாவைப் பார்த்து "உங்களைப் பார்த்தால் எங்கள் கஷ்டமெல்லாம் ஒன்றுமேயில்லை என்று தோன்றுகிறது" என்று சொன்னால், ரீச்சர் உடனே "அது சரி, நாளைக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்பார். கேட்கப்பட்டவர் ஏதாவது ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். தன் அலுவலக வாசலை அளந்து வருகிறேன், மகளின் பாடசாலையில் கேட்டு வருகிறேன், என்ன வேண்டுமானாலும். சிலர் பிறகு வருவதில்லை. சிலர் அளந்துகொண்டு வந்தார்கள்.

அப்படித்தான் எங்கள் சொந்தப் படமும் வந்தது. அண்ணாவின் நாற்காலிக் கைப்பிடியில் போனைக் கட்டி, பம்பலப்பிட்டிப் பக்கமிருந்து வெள்ளவத்தைச் சந்தை வரை காலி வீதி நடைபாதையில் வந்ததைப் பதிவு செய்தோம். பிள்ளைகள் வயலின் போடலாம் என்றார்கள். அண்ணா "வயலின் வேண்டாம், வீதிச் சத்தமே காணும்" என்றார். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் நம் வெள்ளவத்தை வேறு ஊர். ஆட்களின் முகமே இல்லை, கைப்பைகளும் முழங்கைகளும்தான். மரக்கறிக் கூடை, மின்கம்பம், வாகனம் ஏறுவதற்காகச் சரித்த நடைபாதை, அதில் நாற்காலி வீதிப்பக்கம் இழுபடுவது. ஒவ்வொரு ஒழுங்கையின் முகப்பிலும் கல் விளிம்பு, அதைத் தாண்ட முடியாமல் வீதியில் இறங்கியதும் பின்னால் பஸ் ஹோர்ன். வசனம் ஒன்றும் இல்லாத படம், ஆகவே ரீச்சருக்காக ஒரு விவரணைக் குரல் சேர்த்தோம், அண்ணாவே பேசினார்.

அதை அந்தப் பகுதிக் கடைக்காரர்கள் சிலரைக் கூப்பிட்டுக் காட்டினோம். ஒரு மருந்துக்கடை முதலாளி, தினமும் அண்ணாவுக்கு மருந்தை வாசலில் கொண்டுவந்து கொடுக்கிறவர், பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அடுத்த கிழமையே சீமெந்து போட ஆளைப் பிடித்துவிட்டார். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும், நல்லெண்ணத்தில் போடுகிற சாய்தளங்களில் பல ஆபத்தானவை. பொதுவான கணக்கு 1க்கு 12, அதாவது ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். அவருடைய கடைக்கு இரண்டு படி, ஒரு அடி உயரம், வாசலுக்கும் நடைபாதைக்கும் இடையில் பன்னிரண்டு அடிக்கு எங்கே போவது? மூன்று அடியில் சரித்துவிட்டால் நாற்காலி பின்னால் புரளும். மேசன், முதலாளி, அண்ணா மூவரும் நின்று கதைத்துச் சுவரோரமாகத் திருப்பிப் போட்டார்கள். வேறொரு கடையில் அந்த இடமும் இல்லை, அவர்கள் மடிக்கிற பலகை ஒன்று செய்தார்கள், ஒருவர் பின்னால் நின்று தள்ளித்தான் ஏற வேண்டும். அதை நாள் முழுக்க நடைபாதையில் விரித்து வைத்ததும் ரீச்சரின் வெள்ளைப் பிரம்பு அதில் மாட்டியது. ஒருவருக்கு வழி திறந்தால் இன்னொருவருக்கு அடைபடலாம், ஆகவே இப்போது பலகை உள்ளே இருக்கிறது, எட்டும் உயரத்தில் ஒரு மணி வெளியே இருக்கிறது.

கோயில் விஷயம் இன்னும் கடினம். வீதியில் உருண்டு வந்த சில்லு உள்வீதிக்குள் வரக்கூடாது என்பார்கள், செருப்பு மாதிரித்தானே என்பார்கள். அண்ணா பல வருடமாக வெளியே நின்றுதான் கும்பிட்டார். ஒரு கோயில் தர்மகர்த்தா சபையிடம் எங்கள் படத்தைக் காட்டிக் கதைத்தோம், வாதாடாமல் கேட்டோம். தீர்வு சொன்னது அங்கிருந்த குருக்கள்தான், உள்ளே பாவிக்கவென்று தனியாக ஒரு சக்கர நாற்காலி வாங்கி வையுங்கள், வாசலில் மாறி உட்காரட்டும் என்றார். ஒரு பக்தர் வாங்கிக் கொடுத்தார். இன்னொரு கோயிலில் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள், யோசித்துக்கொண்டிருக்கிறார்கள், நாங்களும் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

2024இல் சுகத் வசந்த டி சில்வா தேசியப் பட்டியல் மூலம் பாராளுமன்றம் போனார், பார்வையற்ற ஒருவர் இந்த நாட்டில் உறுப்பினரானது அதுவே முதல் தடவை. அந்தச் செய்தியை வாசித்தபோது ரீச்சர் அழுதார், சந்தோசத்தில். சட்டம் அங்கே மாறட்டும், மாற வேண்டும். தமிழில் செய்ய வேண்டிய வேலைகளை ஆனால் நாம்தான் செய்ய வேண்டும். இந்த நாட்டில் இயலாமை பற்றிய தகவல், படிவம், பயிற்சி என்று பெரும்பாலானவை முதலில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்தான் வருகின்றன, தமிழ் பேசும் மாற்றுத்திறனாளி இரண்டு மடங்கு காத்திருக்கிறார்.

சரி, எங்களுக்கு இப்போது தேவைப்படுவதைச் சொல்கிறேன். கொட்டாஞ்சேனையிலோ தெகிவளையிலோ தரைமட்ட வாசலும், நாற்காலி உள்ளே போய்த் திரும்பக்கூடிய கழிப்பறையும் உள்ள ஒரு இடம், ஞாயிறு பின்னேரம் மட்டும். விவரணைக் குரல் கொடுக்க நிதானமாகப் பேசக்கூடியவர்கள், அழகான குரல் வேண்டுமென்றில்லை, அவசரப்படாத குரல் போதும். தமிழில் பிழையில்லாமல் தட்டச்சு செய்யக்கூடியவர்கள். தம்பியோடும் அவனுடைய நண்பர்களோடும் கதைக்கச் சைகை மொழி தெரிந்தவர் ஒருவராவது. படம் எடுக்கிற பிள்ளைகள் தங்கள் குறும்படத்தை எங்களுக்குத் தந்தால் எழுத்தும் குரலும் சேர்த்துத் திருப்பிக் கொடுப்போம், காசு வேண்டாம். விநியோகஸ்தர்களுக்குக் கொடுக்க ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம், அதில் கையொப்பமிட மாற்றுத்திறனாளிகளையும் குடும்பத்தினரையும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

வருபவர்கள் நாலு மணிக்கு வாருங்கள். ஆறு மணிக்குள் முடித்துவிடுவோம், இருட்டிய பிறகு நாற்காலியோடு நிற்பவரை ஏற்ற ஓட்டோக்காரர்கள் பலர் நிறுத்துவதில்லை. சொந்த வாகனம் உள்ளவர்கள், போகிற வழியில் ஒருவரை இறக்கிவிட முடியுமென்றால் முதலே சொல்லுங்கள்.